டீசல் பிக்கப் வண்டிக்கு மாற்றுக் காற்று வடிகட்டி தெரிதல்

உலர் வலயத்திலே நெல் செய்யும் கமக்காரர் பலரிடத்தில், உழவு இயந்திரத்துக்கு அடுத்தபடியாக விலையுயர்ந்த உடைமையாக விளங்குவது டீசல் பிக்கப் வண்டியாகும். கெப் என்று ஊரவர் அழைக்கும் இவ்வண்டியே விதைநெல்லையும் பசளையையும் வயலுக்குக் கொண்டு செல்கின்றது. அறுவடையான நெல்லை மூடைகளாக ஆலைக்கு ஏற்றிச் செல்கின்றது. இரவில் ஒருவருக்கு நோய் கண்டால் வைத்தியசாலைக்குப் போவதும் அநேகமாக இவ்வண்டியிலேயே. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 ஆம் ஆண்டளவிலேதான் படிப்படியாக மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆகவே, பதினைந்து இருபது ஆண்டு பழகிய வண்டிகளைத் திருத்தித் திருத்தி ஓட்டுவோர் நம்மிடையே பலர். இவ்வண்டிகளின் எஞ்சின் நீடித்து உழைப்பதற்குக் காரணமான உறுப்புகளுள் மிக மலிவானதும், மிகக் குறைவாகவே கவனிக்கப்படுவதும் எயர் பில்டர் எனப்படும் காற்று வடிகட்டியாகும்.

வண்டி செய்த கம்பெனியின் வடிகட்டி எப்போதும் கிடைப்பதில்லை. கிடைப்பினும் விலை அதிகம். எனவே, பிற உற்பத்தியாளர் செய்து விற்கும் மாற்று வடிகட்டிகளையே பலர் வாங்குகின்றனர். இதிற் பிழையொன்றுமில்லை. எவ்வகையைத் தெரிவது என்பதே கேள்வி.

எஞ்சின் எவ்வளவு காற்றை உட்கொள்ளுகின்றது என்பதை முதலிற் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. 2.5 லீற்றர் கொள்ளளவுள்ள நாலடி எஞ்சின் ஒன்று இரு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவு நிறையக் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடும்போது அது ஏறக்குறைய 2,500 லீற்றர் காற்றை இழுத்துவிடும். பத்தடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமுமுள்ள அறை ஒன்றின் காற்று முழுவதும் பதினொரு நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்று சொன்னால் இது எளிதில் விளங்கும். ரேபோ பூட்டிய எஞ்சின் இதனிலும் கூடுதலாக இழுக்கும். பெற்றோல் எஞ்சினில் மிதியைத் தளர்த்தினாற் காற்றுவழி ஒடுங்கும். டீசல் எஞ்சினிலோ பெரும்பாலும் எண்ணெயின் அளவு மட்டுமே குறையும். காற்று தடையின்றிச் சென்றுகொண்டேயிருக்கும். தூசி நிறைந்த பாதையிலே மெதுவாகச் செல்லும் வண்டியும் நிறையவே சுவாசிக்கின்றது என்பதை மறக்கலாகாது.

அக்காற்று எத்தகையது? சிறுபோகக் காலத்திலே வடக்கிற் சோளகமும், மட்டக்களப்புப் பக்கத்திற் கச்சானும் வீசும்போது, கிறவல் வீதியில் முன்னே ஒரு லொறி சென்றால் பின்னே வரும் வண்டிக்கு வழியே தெரிவதில்லை. அப்புழுதியிற் பெரும்பகுதி குவாட்சு என்னும் கனிப்பொருளின் நுண்துகளாகும். கனிப்பொருள்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வகுத்துக் காட்டும் மோசு அளவிலே குவாட்சின் எண் 7. சிலிண்டர் செய்யப்படும் வார்ப்பிரும்பை அது எளிதாகத் தேய்க்கும். அறுவடைக் களத்திலே எழும் தூசியும் தீமையற்றதன்று. நெல்லின் உமியிற் சிலிக்கா மிகுதியாகவுண்டு. உமியை எரித்தால் எஞ்சும் சாம்பலிற் பெரும்பங்கு சிலிக்காவேயாகும். களத்தில் நெல்லைத் தூற்றும் இடத்துக்கு அருகே எஞ்சினை ஓடவிட்டு மூடை ஏற்றுபவர்கள், கூலியாளின் கண்ணிலும் தோலிலும் படிந்து அரிக்கும் அதே சுணையை எஞ்சினுக்கும் ஊட்டுகின்றனர்.

எஞ்சினுக்குக் கேடு செய்வது கண்ணுக்குத் தெரியும் பெரிய மணலன்று. அதனை எந்த வடிகட்டியும் தடுத்துவிடும். மில்லிமீற்றரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்கிரோமீற்றர் எனப்படும். மனிதனின் தலைமயிர் சுமார் 70 மைக்கிரோமீற்றர் தடிப்புடையது. பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையேயுள்ள மசகெண்ணெய்ப் படலமோ சில மைக்கிரோமீற்றர் மட்டுமே. அப்படலத்தின் தடிப்பை ஒத்ததும் சற்று மிஞ்சியதுமான துகள்களே இரு புறத்தையும் அராவிவிடுகின்றன. இவற்றை வெறுங்கண்ணாற் காண இயலாது.

இப்பொழுது வடிகட்டிகளின் வகைகளைப் பார்ப்போம். பிசினூட்டிய தாளை மடிப்பு மடிப்பாக அடுக்கிச் செய்தது தாள் வடிகட்டி. எண்ணெய் பூசிய பருத்தி வலையைக் கம்பி வலைகளுக்கிடையே வைத்துச் செய்தது பருத்தி வடிகட்டி. கழுவி மீண்டும் பாவிக்கத்தக்கது. எண்ணெய் ஊட்டிய பஞ்சு வடிகட்டி மூன்றாவது வகை. பருத்தி வடிகட்டியை விற்போர் பெரும்பாலும் கூறுவது, அது காற்றை எளிதாக விடும், ஆதலால் வண்டிக்கு இழுவை கூடும் என்பதே. காற்றை எளிதாக விடும் என்பது உண்மைதான். ஆனால், துப்புரவான தாள் வடிகட்டி தரும் தடையே சிறிது. அச்சிறிய தடையை நீக்குவதால் மாற்றம் செய்யப்படாத டீசல் எஞ்சினிற் பெறக்கூடிய பயன் மூடை ஏற்றும் ஒருவரால் உணரத்தக்கதன்று. பந்தயத்துக்கு வண்டி ஓட்டுவோருக்கும், பழுதுபட்ட எஞ்சினை அடுத்த வாரமே மாற்ற வசதியுள்ளோருக்கும் அது பொருந்தலாம்.

வடிகட்டியின் திறனைப் பொதியின் மேல் நூற்றுவீதமாக அச்சிட்டிருப்பார்கள். இவ்விடத்திலேதான் பலர் ஏமாறுகின்றனர். ஒன்று 99.5 வீதம் என்றும் மற்றொன்று 97 வீதம் என்றும் இருந்தால், வித்தியாசம் இரண்டரைதானே என்று எண்ணத் தோன்றும். பிடிபட்ட தூசியை எண்ணாது, தப்பிச் செல்லும் தூசியை எண்ணிப் பாருங்கள். வடிகட்டிக்கு 100 கிராம் தூசி வந்து சேர்ந்ததெனக் கொள்வோம். முதலாவதில் அரைக் கிராம் உட்செல்லும். இரண்டாவதில் 3 கிராம். எஞ்சினுக்குப் போகும் தூசி ஆறு மடங்கு! இத்தகைய சோதனைகள் ஐ. எஸ். ஓ. 5011 என்னும் சர்வதேச நியமத்தின்படி, வரையறுத்த தூசியைக் கொண்டு நடத்தப்படுகின்றன. பொதியிலோ விளக்கத்தாளிலோ அந்நியமத்தின் எண்ணும், வீதமும், எந்தத் தரத் தூசியிற் பெற்ற வீதம் என்பதும் சேர்ந்து காணப்படின் அவ்வுற்பத்தியாளர் கூற்றுக்கு ஓர் அளவு பொருளுண்டு. பருந்தூசியிற் பெற்ற வீதம் நுண்தூசியிற் பெற்றதைவிட உயர்ந்தே தோன்றும். ‘அதிக காற்று’, ‘அதிக சக்தி’ என்னும் சொற்கள் மட்டுமே இருப்பின் வேறொன்றைக் கேளுங்கள்.

பருத்தி வடிகட்டியிற் பிறிதொரு தொல்லையுமுண்டு. கழுவி உலர்த்திய பின் எண்ணெயைச் சரியான அளவிற் பூச வேண்டும். குறைந்தாற் தூசி நுழையும். கூடினால் அவ்வெண்ணெய் காற்றோடு சென்று, புதிய வண்டிகளிற் காற்றின் அளவை அளக்கும் மெல்லிய சூடான கம்பியிற் படிந்து அளவைத் தவறச் செய்யக்கூடும். அறுவடைக் காலத்தில், ஒரு நாள் முழுதும் வண்டியை நிறுத்தி, நிழலிலே வடிகட்டியை உலர்த்த எவருக்கு நேரமுண்டு? ஆகவே, கிறவல் வீதியிலும் வயற்கரையிலும் ஓடும் வண்டிக்கு நல்ல தாள் வடிகட்டியே தக்கது என்பது எமது கருத்து. எஞ்சின் அறைக்குள் வெளிப்படையாக நிற்கும் கூம்பு வடிவ வடிகட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை பொனற்றின் கீழுள்ள வெப்பக் காற்றையே இழுக்கும். வெப்பக் காற்று ஐதானது.

நிற்க. வடிகட்டும் பொருள் எவ்வளவு சிறந்ததாயினும், அதன் விளிம்பு பெட்டியோடு பொருந்தாவிடிற் பயனில்லை. கிளிநொச்சிப் பகுதியில் நெல் ஏற்றிவந்த பிக்கப் ஒன்று, திருத்தப்பட்டு இரண்டு போகம் முடியுமுன்பே மசகெண்ணெயைக் குடிக்கத் தொடங்கியது. காலையிலே நீலப்புகை கக்கியது. ஏற்றத்தில் இழுவையை இழந்தது. உரியவர் அதற்குச் சற்று முன்னரே புதிய மாற்று வடிகட்டி போட்டிருந்தார். தாள் நன்றாகவே இருந்தது. ஆயின், அதன் இறப்பர் விளிம்பு தேவையான தடிப்பினின்றும் சிறிது குறைந்திருந்தது. பெட்டியின் மூடியைப் பூட்டியபோது ஒரு மூலையிற் கடுதாசி நுழையுமளவு இடைவெளி எஞ்சியது. வடிகட்டிக்கு அப்பாலுள்ள குழாயைக் கழற்றி உள்ளே விரலால் துடைத்தபோது செம்புழுதி ஒட்டிக்கொண்டது. காற்று எப்பொழுதும் தடை குறைந்த வழியையே நாடும். வடிகட்டியைச் சுற்றி வழி கிடைக்கும்போது வடிகட்டியினூடே அது ஏன் செல்ல வேண்டும்? சிலிண்டரைத் துளைத்து, வளையங்களை மாற்றி, ரேபோவையும் திருத்துவிக்க நேர்ந்தது. சிறுபோக வருவாயிற் பெரும்பங்கு அவ்வழியே போயிற்று.

எனவே, கடைக்குச் செல்லும்போது பழைய வடிகட்டியைக் கையோடு கொண்டு செல்லுங்கள். இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்துப் பாருங்கள். நீள அகலம் ஒத்திருத்தல் போதாது. விளிம்பின் தடிப்பும் ஒத்திருக்க வேண்டும். பழையது அமுங்கித் தட்டையாகியிருக்கும் என்பதையும் கருத்திற் கொள்க. புதியதன் விளிம்பை விரலால் அழுத்தி விட்டால் அது உடனே பழைய நிலைக்கு மீள வேண்டும். பிளாத்திக்குப் போன்று விறைத்திருப்பதை ஒதுக்குங்கள். பின்னர் மடிப்புகளை எண்ணுங்கள். மடிப்புக் குறைந்தாற் தாளின் பரப்புக் குறையும்; பரப்புக் குறைந்தால் விரைவில் அடைபடும். மடிப்புகள் ஒரே இடைவெளியில் நேராக நிற்கின்றனவா, தாள் விளிம்போடு இடையறாது ஒட்டப்பட்டிருக்கின்றதா என்றும் பார்த்தல் அவசியம். உட்புறத்தில் ஒரு மின்சூளைப் பிடித்து வெளிப்புறமிருந்து நோக்கினால், ஊசித்துளை இருப்பின் வெள்ளி போற் தெரியும். கடைக்காரர் இதற்கு முகம் சுளிப்பாராயின் வேறு கடைக்குப் போகலாம். பெயர்பெற்ற உற்பத்தியாளரின் பொதியைப் போன்றே அச்சிட்ட போலிகளும் சந்தையில் உலவுவதால், பெயரை நம்புவதிலும் கையையும் கண்ணையும் நம்புதல் மேல்.

பூட்டும்போது பெட்டியின் உட்புறத்தை ஈரத்துணியாற் துடைத்து, விளிம்பு அமரும் பள்ளத்திலுள்ள மணலை நீக்க வேண்டும். கிளிப்புகள் யாவும் இறுக வேண்டும். ஒன்று ஒடிந்திருந்தாற் கம்பியாற் கட்டி ஓட்டும் வழக்கம் நம்மவரிடமுண்டு, அதனைக் கைவிடுக. வடிகட்டிப் பெட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையேயுள்ள இறப்பர்க் குழாயில் வெடிப்பு உண்டாவென்று மடித்துப் பார்க்கவும். அங்கு வெடிப்பிருப்பின் உலகிற் சிறந்த வடிகட்டியும் வீண்.

எத்தனை நாளைக்கொரு முறை மாற்றுவது என்று கேட்போர் பலர். வண்டியின் கைந்நூலிலே தூசியுள்ள இடங்களுக்கெனத் தனிக் கணக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். நாம் பின்பற்ற வேண்டியது அதனையே. காலபோக அறுவடை முடிந்த பின் ஒரு முறையும் சிறுபோக அறுவடை முடிந்த பின் ஒரு முறையும் திறந்து பார்த்தல் நல்ல வழக்கம். ஆனால், வாரந்தோறும் திறந்து, நிலத்திலே தட்டி, கராஜில் உயர் அமுக்கக் காற்றால் ஊதுவது பெருந்தவறு. தட்டினால் விளிம்பு நெளியும். ஊதினால் தாள் கிழியும். அன்றியும், சிறிது தூசி படிந்த தாள் புதிய தாளைவிட நன்றாகவே வடிக்கும், ஏனெனில் படிந்த தூசியே நுண்துளைகளை மேலும் ஒடுக்குகின்றது. கறுத்துவிட்டது என்பதற்காக மட்டும் எறிய வேண்டியதில்லை. தடைகாட்டி பூட்டப்பட்ட எஞ்சின்களில் அது சிவப்பைக் காட்டும்போது மாற்றுக.

பழைய உழவு இயந்திரங்களில் உள்ள எண்ணெய்த் தொட்டி வடிகட்டியைப் பற்றியும் ஒரு சொல். அதிலே குறியிட்ட மட்டத்துக்கு மேல் எண்ணெய் ஊற்றலாகாது. மிகுந்த எண்ணெயை டீசல் எஞ்சின் இழுத்துக்கொள்ளுமாயின், அதையே எரித்துக் கட்டுக்கடங்காது வேகமெடுக்கும். திறப்பை அணைத்தாலும் நிற்காது.

மேலும் ஒன்று. நெல் மூடைகளுக்கு அருகே நிறுத்திவைக்கும் வண்டிகளில் எலிகள் வடிகட்டிப் பெட்டிக்குள் நுழைந்து, தாளைக் கடித்துக் கூடு கட்டுவதுண்டு. மழைக்காலம் முழுதும் ஓடாது நின்ற வண்டியை மீண்டும் இயக்குமுன் அப்பெட்டியைத் திறந்து பார்க்கவும். வாங்கிவைத்த மேலதிக வடிகட்டியையும் களஞ்சியத்தில் வைக்காது, வீட்டுக்குள்ளே, மூடியுள்ள தகரப் பெட்டியொன்றில் வைத்திருக்க வேண்டும்.