கேத்தல் சொல்லும் சேதி

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பழைய ஒழுங்கைகளில் விடியற்காலை வேளையில் நடந்து சென்றவர்கள் ஒன்றை அறிவர். முற்றம் கூட்டும் ஓசை, கிணற்றுக் கப்பியின் கிரீச்சொலி, அடுக்களைப் புகை, படலை திறக்கும் சத்தம் ஆகிய ஒவ்வொன்றும் அயலுக்கு ஒரு சேதி. "பெரியம்மா எழும்பிவிட்டார், சுகமாக இருக்கிறார்" என்பதே அச்சேதி. ஒருநாள் கப்பி ஒலிக்கவில்லையாயின், அயல்வீட்டார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பர். இதனை எவரும் அவர்களுக்குக் கற்பித்ததில்லை. சூழலைக் கண்டு ஒருவரது நிலையை உணரும் அறிவு அது.

இன்று வேலிகள் பல மதில்களாகிவிட்டன. கப்பி இருந்த இடத்தில் நீர்ப்பம்பி நிற்கிறது. பிள்ளைகள் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்கின்றனர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களுள் 12.4 வீதத்தினர் 60 வயதைக் கடந்தவர்கள். அவர்களுள் தனித்திருப்போர் ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தால் யார் அறிவார்? அயலவரின் அந்தப் பழைய அறிவை ஒரு கருவிக்குப் புகட்ட முடியுமா? இவ்வினாக்களுக்கு விஞ்ஞானம் தரும் விடையை இவ்வாரம் ஆராய்வோம்.

இருளை உணர்ந்த விளக்கு

துறைமுகவாசிகளாகிய நமக்குக் கலங்கரை விளக்கிலிருந்து தொடங்குவது எளிது. முன்னாளில் மாலைதோறும் விளக்கை ஏற்றவும் காலைதோறும் அணைக்கவும் ஒரு காவலர் வேண்டும். சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் குஸ்தாவ் டாலேன் 1907இல் ஓர் உபாயம் கண்டார். பளபளப்பான உலோகக் கோல்களின் நடுவே கறுப்புக் கோல் ஒன்றை அவர் நிறுத்தினார். பகலொளியை உறிஞ்சிச் சற்றே நீளும் கறுப்புக் கோல் வாயு வரும் வழியை அடைத்துவிடும். இருள் சூழ்ந்ததும் அது சுருங்க, வாயு பாய்ந்து விளக்கு எரியும். கட்டளையிட எவருமின்றித் தன் சூழலைத் தானே உணர்ந்து கடமையாற்றிய விளக்கு அது. டாலேனுக்கு 1912இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

கணினிக்கும் இத்தகைய உணர்வை ஊட்டும் முயற்சி பின்னர் எழுந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கிய ஒலிவெற்றி ஆய்வுகூடத்தில், ஊழியர்கள் சட்டையில் ஒரு சிறு வில்லையை அணிந்தனர். 15 செக்கன்களுக்கு ஒருமுறை அது கண்ணுக்குப் புலப்படாத ஒளிச்சைகை ஒன்றை வீசும். அதனைக் கொண்டு ஊழியர் எந்த அறையில் இருக்கிறார் என்று அறிந்து, அவருக்கு வரும் தொலைபேசி அழைப்பை அவ்வறைக்கே அனுப்பினர். ஒருவர் எங்கே இருக்கிறார், அவருடன் யார் இருக்கின்றனர், அருகே என்ன இருக்கிறது என்பவற்றை அறிந்து நடக்கும் இத்தகைய கணிப்பு முறைக்கு 1994இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பெயரிட்டனர். நாம் அதனைச் 'சூழலறி கணிப்பு' என்று அழைக்கலாம்.

கேத்தலும் கைக்கடிகாரமும்

இவ்வித்தை முதியோருக்கு உதவிய விதத்தை யப்பானில் காணலாம். அங்கே சொயிருசி என்னும் நிறுவனம் 2001இல் ஒரு மின்சாரச் சுடுநீர்க் கேத்தலை அறிமுகப்படுத்தியது. தாயார் தேநீருக்கு நீர் வார்க்கும்போதெல்லாம் கேத்தல் அதனைக் குறித்துக்கொள்ளும். நாளுக்கு இருமுறை தொலைவிலுள்ள மகனுக்கோ மகளுக்கோ மின்னஞ்சல் போகும். காலையில் கேத்தல் ஓய்ந்திருந்தால் பிள்ளை தொலைபேசியை எடுப்பார். நமது கிணற்றுக் கப்பியின் வேலையை அங்கே கேத்தல் செய்கிறது!

2018இல் வெளிவந்த அப்பிள் நிறுவனத்தின் கைக்கடிகாரம் மேலும் ஒரு படி சென்றது. விழும் உடலின் அசைவு, தரையில் மோதும் அதிர்வு, அதன் பின்னர் வரும் அசைவின்மை ஆகிய மூன்றையும் அது கோத்துப் பார்க்கிறது. விழுந்ததாகத் தோன்றினால் அணிந்தவரிடம் நலம் வினவும். ஏறக்குறைய ஒரு நிமிடம் அவர் அசையாதிருந்தால் தானாகவே அவசர உதவியை அழைக்கும்.

நமது வீட்டுச் சூழல்

ஆயினும், வாசகர்களே, இங்கே ஓர் இடர் உண்டு. பிறநாட்டு வீட்டைக் கண்டு பழகிய கருவி நமது வீட்டை அறியுமா? நம்மவர் பாயில் படுப்பர். தரையில் அமர்ந்து காய்கறி அரிவர். சுவாமி அறையில் விழுந்து வணங்குவர். இவற்றைக் கருவி வீழ்ச்சியென்று எண்ணிவிடலாகாது. நோன்பு மாதத்தில் கிண்ணியாவிலும் மூதூரிலும் பகலெல்லாம் கேத்தல் ஓய்ந்திருக்கும். சிவராத்திரி இரவில் கோணேசர் அடியார் கண்ணுறங்கார். காரணம் தெரியாத கருவி இரண்டையும் நோயென்றே கூறும். வீண் அழைப்பு பத்துமுறை வந்தால், பதினோராம் முறை மெய்யான அழைப்பையும் எவர் செவிமடுப்பார்?

இது வெறும் ஐயமன்று. விரலில் மாட்டி இரத்தத்தின் ஒட்சிசனை அளக்கும் கருவியைக் குறித்து 2020இல் அமெரிக்காவின் மிச்சிகன் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மறைந்திருக்கும் ஒட்சிசன் குறைவை அக்கருவி வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மும்மடங்கு தவறவிட்டதென்பது அதன் முடிபு. கருந்தோலுடைய நாம் இதனை மறக்கலாகாது. 2022இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்ட நாடு நமது நாடு என்பதையும் நினைவில் வைப்போம். மின்கலம் இன்றேல் காவலும் இல்லை.

மானமும் மறைவும்

மற்றொன்று மானம். தாயின் அறையில் கமெராவைப் பொருத்திவிட்டு வெளிநாட்டிலிருந்து பார்த்திருப்பது அன்பின் செயலாகத் தோன்றலாம். ஆனால் உடைமாற்றும் வேளையிலும் அழும் வேளையிலும் தனிமையை நாடும் உரிமை முதுமைக்கும் உண்டு. கேத்தல் ஒரு செய்தியை மாத்திரமே அறியும். கமெராவோ யாவற்றையும் அறியும். குறைவாக அறிந்து நிறைவாக உதவுவதே சிறந்த கருவி என்பது நமது கருத்து. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவுகளை விசேட காவலுக்குரியனவாக வகுத்திருக்கிறது. சட்டத்துக்கு முன்னதாக வீட்டில் ஒரு விதி வேண்டும். பெற்றோரைக் கேளாமல், அவர்களுக்கு விளங்கச் சொல்லாமல், எதனையும் பொருத்தலாகாது.

ஓடி வருவது யார்?

இறுதியாக ஒரு வினா. கருவி அழைக்கும், வருவது யார்? 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியுடன் தொடங்கிய 1990 இலவச அம்புலன்ஸ் சேவை, பின்னர் எல்லா மாகாணங்களுக்கும் விரிந்தது. 2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தால், பாதையில் ஏறி நீரைக் கடக்கக் காத்திருந்த காலமும் போயிற்று. இருப்பினும், அம்புலன்ஸ் வந்து சேரும் வரையுள்ள நிமிடங்கள் அயலவருக்கே உரியவை. ரொறன்ரோவிலுள்ள மகனுக்குச் சேதி போனதும் அவர் அழைக்க வேண்டியது அடுத்த வீட்டைத்தானே! ஆதலால் கருவி வாங்கும் குடும்பங்கள் முதலில் அயலவரின் தொலைபேசி இலக்கத்தை எழுதி வைக்கட்டும். மாற்றுச் சாவி ஒன்றை நம்பிக்கையான கையில் ஒப்படைக்கட்டும்.

கணினி கற்கும் மாணவர்களே, நீங்கள் செய்யவேண்டிய பணி இங்கே காத்திருக்கிறது. பாயையும் நோன்பையும் மின்தடையையும் அறிந்த கருவியை நமது வீடுகளில் வளர்ந்தவரன்றி வேறெவர் ஆக்குவார்? அதனை ஆக்கும் முன்னர் ஒருநாள் விடியலில் உங்கள் ஒழுங்கையில் நடந்து பாருங்கள். எந்த வீட்டுப் படலை இன்னும் திறக்கவில்லை என்று கவனியுங்கள். திறக்கவில்லையாயின், தயங்காமல் தட்டுங்கள்.