கேசட்டை ஊத வேண்டாம்

பரணில் கிடந்த டிவி கேம் பெட்டியை இறக்கி, அடாப்டர் மாட்டி, மரியோ கேசட்டைச் செருகியாயிற்று. விளக்கு எரிகிறது. திரையிலோ வெறும் ஒரே நிறம், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகக் குப்பை. மீடியா, லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் என்று பெட்டியில் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் கோளாறு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: கேசட்டும் பெட்டியும் தொட்டுக்கொள்கிற அந்தச் செருகுவாயில்.

ஏலப்பாறை, பீர்மேடு, வாகமண் பக்கம் இந்தக் கோளாறு சீக்கிரமே வரும். மழையும் மூடுபனியும் மாறி மாறி வருகிற மலை. லயத்து வீட்டில் துணியே காய நாளாகும்போது செம்புத் தகடு மட்டும் எப்படிப் பளபளப்பாக இருக்கும்?

இந்தப் பெட்டிகள் எல்லாம் ஜப்பானில் 1983இல் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். கேசட்டைப் புரட்டிப் பாருங்கள். அடியில் பச்சைப் பலகையின் விளிம்பில் பக்கத்துக்கு 30 வீதம் 60 தகடுகள் வரிசையாக இருக்கும். செருகுவாய்க்குள் அவற்றுக்கு எதிரே 60 மெல்லிய உலோக ஸ்பிரிங்குகள். செருகும் ஒவ்வொரு முறையும் அவை விலகி, தகட்டை அழுத்திப் பிடிக்கின்றன. வருஷக்கணக்கில் இப்படி விலகி விலகி, பழைய துணிக் கிளிப்பைப் போல அவற்றின் பிடி தளர்ந்துபோகிறது. மேலே அழுக்கும் களிம்பும் வேறு படிகின்றன.

சரி, ஊதினால் வேலை செய்ததே என்பீர்கள். வேலை செய்தது ஊதல் அல்ல. கேசட்டை உருவித் திரும்பச் செருகும்போது தகடும் ஸ்பிரிங்கும் உரசிக்கொண்டன, களிம்பு கொஞ்சம் வழிக்கப்பட்டது, தொடர்பு கிடைத்தது. மூச்சோடு போன ஈரம் உள்ளேயே தங்கி அடுத்த களிம்புக்கு வழி செய்தது. ஊதாமல் உருவிச் செருகியிருந்தாலும் அதே பலன்தான்.

எந்த இடத்தில் தொடர்பு விட்டிருக்கிறது என்பதைத் திரையே ஓரளவு சொல்லிவிடும். கேசட்டுக்குள் ஆட்டத்தின் கட்டளைகள் ஒரு பக்கம், படங்கள் ஒரு பக்கம் என்று தனித்தனியாக இருக்கின்றன. இரண்டுக்கும் வெவ்வேறு தகடுகள். பாட்டு ஒழுங்காகக் கேட்கிறது, பொத்தானை அழுத்தினால் எதுவோ நகர்கிறது, ஆனால் உருவங்கள் கந்தல் என்றால் படத்துக்கான தகடுகளைக் கவனியுங்கள். ஒரே நிறத்தில் திரை உறைந்து நின்றால், கட்டளைக்கான தகடுகளில் ஏதோ ஒன்று தொடவில்லை. ஜப்பானிய அசலில் இன்னொரு வேடிக்கை உண்டு. அதில் சத்தம்கூட கேசட்டுக்குள் போய்த் திரும்பித்தான் டிவிக்கு வரும். அதனால் சத்தம் போய்வருகிற இரண்டு தகடுகள் தொடாவிட்டால் படம் அருமையாக ஓடும், ஆட்டம் ஊமையாக இருக்கும்.

முதலில் வேறொரு கேசட்டைப் போட்டுப் பாருங்கள். அது ஓடினால் பெட்டியில் குறையில்லை, முதல் கேசட்டைத் துடைத்தால் போதும். எதைப் போட்டாலும் தகராறு என்றால்தான் செருகுவாயைத் தொட வேண்டும்.

துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வேண்டும். மொபைல் ரிப்பேர் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் தெரியும். அவர்கள் போர்டு கழுவுவது அதில்தான். சானிடைசர் வேண்டாம்: அதில் தண்ணீரும் பிசுபிசுப்பும் இருக்கிறது. பெட்ரோலும் தின்னரும் பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும். காதுக்கான பட்ஸை ஐபிஏவில் நனைத்துத் தகடுகளின் நீளவாக்கில் தேயுங்கள். பஞ்சு கறுப்பாக வருவது நிற்கும்வரை மாற்றி மாற்றி. பச்சைக் களிம்பு விடவில்லையென்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மெத்தென்ற வெள்ளை ரப்பரால் லேசாக அழித்துவிட்டு மறுபடி துடையுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது. தகட்டின் மேல்பூச்சு மிக மெல்லியது, ஒரு தேய்ப்பிலேயே போய்விடும்.

செருகுவாய்க்குப் பழைய ஏடிஎம் கார்டு ஒன்று போதும். அதன் குட்டைப் பக்கத்தில் மெல்லிய வேட்டித் துணியை ஒரே சுற்றுச் சுற்றி, ஐபிஏ தொட்டு, இடது பாதியில் ஒரு தடவை, வலது பாதியில் ஒரு தடவை என்று ஏற்றி இறக்குங்கள். கேசட்டின் பலகையைவிடத் தடிமனான எதையும் நுழைத்தால் ஸ்பிரிங்குகள் இன்னும் விரிந்துவிடும். நன்றாக உலர்ந்த பிறகு மின்சாரம் கொடுங்கள். ஸ்விட்ச் ஆனில் இருக்கும்போது கேசட்டைச் செருகவும் உருவவும் கூடாது.

வீடியோக்களில் வேறு வைத்தியங்களும் சொல்வார்கள்: சிவப்பு விளக்கு மினுக்கினால் சிப்பின் இன்ன காலை வெட்டு, செருகுவாயைக் கழற்றி வெந்நீரில் கொதிக்க வை என்று. அவை 1985இல் அமெரிக்காவுக்குப் போன 72 தகட்டுப் பெட்டிக்கு உரியவை. அதில் கேசட் அசல்தானா என்று சோதிக்கும் ஒரு சிப் உண்டு. தொடர்பு விட்டால் அது பெட்டியை நொடிக்கொரு முறை அணைத்து எழுப்பும், அதுதான் அந்த மினுக்கல். செருகுவாயும் கழற்றி மாட்டும்படி தனியாக இருக்கும். நம் பெட்டியில் அந்தச் சிப்பும் இல்லை, செருகுவாயும் போர்டோடு சேர்த்து சால்டர் செய்யப்பட்டது. கொதிக்க வைக்க வேண்டுமென்றால் போர்டையே கொதிக்க வைக்க வேண்டும்!

துடைத்தும் சரியாகவில்லை, கேசட் தொளதொளவென்று இறங்குகிறது என்றால் ஸ்பிரிங் தளர்ந்தது உறுதி. அடாப்டரைக் கழற்றிவிட்டு, அடியிலுள்ள திருகாணிகளை எடுத்து மூடியைத் திறந்து, தையல் ஊசியால் ஒவ்வொரு ஸ்பிரிங்காக உள்பக்கம் மயிரிழை அளவு நெம்புங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் துருத்திக்கொண்டிருந்தால் அடுத்த முறை கேசட் இறங்கும்போது அதுதான் மடங்கும், ஒடியவும் செய்யும்.

ஒடிந்துவிட்டால் செருகுவாயையே மாற்ற வேண்டியதுதான். 60 பின், இடைவெளி 2.54 மில்லிமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள். 72 பின் வகையின் இடைவெளி 2.5 மில்லிமீட்டர், அது இங்கே உட்காராது. மலிவுப் பெட்டிகளின் போர்டு சூடு தாங்காது. பழையதை முழுசாகப் பிடுங்கப் பார்த்தால் செம்புக் கோடுகளும் கூடவே உரிந்து வரும். அதன் பிளாஸ்டிக்கை முதலில் கட்டரால் துண்டு துண்டாக வெட்டி எடுத்துவிட்டு, நிற்கிற 60 கால்களையும் ஒவ்வொன்றாகச் சூடு காட்டி உருவுவதுதான் விவரமான மெக்கானிக்கின் வழி. நேரம் பிடிக்கும், ஆனால் போர்டு பிழைக்கும்.

புதுச் செருகுவாய் கொஞ்ச நாள் முரட்டு இறுக்கமாக இருக்கும். அதற்காகக் கேசட்டை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பிடுங்காதீர்கள். ஒரு கையால் பெட்டியை அழுத்திக்கொண்டு நேர் மேலே இழுங்கள்.