குருவி வீட்டுக்குள் பெயின்ட் கூடாது!

ஓட்டு வீடுகள் குறைந்துவிட்டன. ஓட்டுச் சந்தில் கூடு கட்டிய சிட்டுக்குருவிக்கு இடம் போய்விட்டது. ஆகவே, பலர் மரப்பெட்டி செய்து வாசலில் மாட்டுகிறார்கள்.

நல்ல காரியம்தான். ஆனால், அழகாக இருக்கட்டும் என்று பெட்டியின் உள்ளும் புறமும் பளபளவென்று பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். அங்கேதான் ஆபத்து!

சுரங்கத்தில் பறவை

பறவையின் மூச்சு மனிதனின் மூச்சைப் போன்றது அல்ல. நுரையீரலோடு காற்றுப் பைகளும் அதற்கு உண்டு. காற்றில் உள்ள நஞ்சு அதன் உடம்பில் சீக்கிரம் ஏறிவிடும். அதனால்தான் இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கானரி என்ற சிறு பறவையைக் கூண்டில் கொண்டுபோனார்கள். விஷவாயு பரவினால், தொழிலாளர்களுக்குத் தெரியும் முன்பே பறவை மயங்கி விழும். உடனே எல்லோரும் வெளியேறுவார்கள். பாவம், அந்தப் பறவை! இந்தப் பழக்கத்தைக் கைவிடுவதாக 1986-ல்தான் அறிவித்தார்கள்.

மனிதனுக்குத் தலைவலி தருகிற பெயின்ட் நெடி, மூடிய பெட்டிக்குள் இருக்கும் குஞ்சை என்ன செய்யும்? குஞ்சு ஏறக்குறைய இரண்டு வாரம் அதற்குள்ளேயேதான் இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. பறக்கும் நாள் வந்ததும் குஞ்சு சுவரைப் பற்றி ஏறித்தான் துவாரத்துக்கு வரவேண்டும். பெயின்ட் அடித்த பலகையில் நகம் பிடிக்காது. ஆகவே, உள்பக்கம் வெறும் மரமாகவே இருக்கட்டும். மரம் வழவழப்பாக இருந்தால், துவாரத்துக்குக் கீழே ஆணியால் குறுக்கே நாலு கோடு கீறிவிடுங்கள்.

பழைய கதவுப் பலகையா?

பழைய கதவு, ஜன்னல் பலகையில் பெட்டி செய்கிறவர்கள் உஷாராக இருக்க வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதைச் சுரண்டினாலோ, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலோ பறக்கும் தூசி குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். குருவிக்கு வீடு செய்யப்போய் சொந்தப் பிள்ளைக்குத் தீங்கு வரலாமா? புதுப் பலகையே மேல்.

இப்போது வீட்டுப் பெயின்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. இது 2017 நவம்பர் முதல் அமலில் உள்ளது. டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

எப்படி அடிப்பது?

வெளிப்பக்கம் மட்டும் அடியுங்கள். தண்ணீரில் கலக்கும் எமல்ஷன் போதும். தின்னர் கலக்கும் எனாமல் வேண்டாம். துவாரத்தின் விளிம்பிலும் பெயின்ட் படக் கூடாது. குருவி அங்கே அலகால் கொத்தும்.

நிறம்? கறுப்பும் கரும்பச்சையும் நம் ஊர் வெயிலில் பெட்டியை அடுப்பாக்கிவிடும். சந்தனம், வெளிர் சாம்பல் போன்ற நிறங்கள் நல்லவை. கண்ணைப் பறிக்கும் சிவப்பு எதற்கு? காக்கைக்கு வழி காட்டவா? தேக்குப் பெட்டிக்குப் பெயின்டே தேவை இல்லை.

அடித்த பெட்டியை இரண்டு மூன்று வாரம் காற்றாட வையுங்கள். பிறகு துவாரத்தில் மூக்கை வைத்துப் பாருங்கள். நெடி வந்தால் இன்னும் சில நாள் பொறுங்கள்.

துவாரம் ஒன்றேகால் அங்குலம் இருந்தால் போதும், மைனா நுழையாது. மழை படாமல், மின்விசிறிக்குத் தள்ளி, எட்டுப் பத்து அடி உயரத்தில் மாட்டுங்கள்.

மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டுமா? முதலில் உள்ளே பாருங்கள். முட்டையோ குஞ்சோ இருந்தால் பிரஷைத் தொடாதீர்கள். குஞ்சுகள் பறந்து போகட்டும், பிறகு பார்க்கலாம்.