வாயில்லா ஜீவன்களுக்குத் தொண்டு

ஜவ்வாது மலையின் நெல்லிவாசல்நாடு போன்ற இடங்களில் நாய் என்றால் வீட்டுக்கும் ஆட்டுப் பட்டிக்கும் காவலாளி. பட்டணத்துத் தெருவிலோ அது அநாதை. அந்த அநாதைகளை ஆதரிக்கச் சென்னையில் தோன்றிய ஸ்தாபனமே 'புளூ கிராஸ்'. விமானியான காப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவியார் உஷா சுந்தரமும் 1959-ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கினர். உஷா அம்மையாரும் விமானம் ஓட்டியவரே.

அடிபட்ட பிராணியை எடுத்து வந்து மருந்திடுவதும், கைவிடப்பட்ட குட்டிக்கு வீடு தேடிக் கொடுப்பதும் தொண்டர்களின் பணி. ஆனால் இரக்கம் மட்டும் போதுமா? நகரசபையார் நெடுங்காலம் நாய்களைக் கொன்று வந்தனர், தொல்லை ஒழியவில்லை. ஒரு நாய் போன இடத்தில் வேறொன்று வந்து குடியேறுமல்லவா? ஆகவே 1964-இல் இந்த ஸ்தாபனத்தார் வேறு வழி கண்டனர். நாயைப் பிடித்துக் கருத்தடைச் சிகிச்சை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே விட்டுவிடுவதுதான் அவ்வழி. 1996-இல் சென்னை மாநகராட்சி இம்முறையை மேற்கொண்டது. 2001-இல் மத்திய அரசாங்கம் நாடு முழுவதற்கும் இதனை விதியாக்கிற்று.

வெறிநோயின் குறிகள் தோன்றியபின் மனிதரோ நாயோ பிழைப்பது அரிதினும் அரிது. ஆதலால் மலையூர் நாய்க்கும் ஆண்டுக்கொரு முறை தடுப்பூசி அவசியம். கால்நடை மருத்துவர் வரும் நாளில் நாய்களைப் பிடித்து நிறுத்த ஊருக்கு நான்கு இளைஞர் முன்வந்தால் காரியம் எளிதாகும். இரவெல்லாம் விழித்து நம் பட்டியைக் காக்கும் ஜீவனுக்கு நாம் பட்ட கடனில் இது சிறு பகுதியே.