ஒரு கண்ணுக்கு மட்டும் கூலிங் கிளாஸ்

மும்பை செம்பூரில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஃபிரேம் உடைந்து தனியாய்க் கிடக்கும் கறுப்பு லென்ஸுக்கு என்னிடம் பஞ்சமே இல்லை. தாராவியிலிருந்து அப்பாவோடு வரும் பிள்ளைகளிடம் ஒன்றைக் கொடுத்து, "இடது கண்ணுல மட்டும் வச்சுக்கோ, ரெண்டு கண்ணும் திறந்திருக்கணும்" என்பேன். நூலில் ஒரு நட்டைக் கட்டி எதிரே இடமும் வலமுமாக ஆட்டுவேன். நட்டு நேர்கோட்டில்தான் போய்வரும். பையனோ, "அங்கிள், சுத்துது!" என்பான். வலப்பக்கம் போகையில் தள்ளிப் போகிறது, இடப்பக்கம் வருகையில் மூக்குக்கிட்ட வருகிறது என்று விரலால் வட்டம் போட்டுக் காட்டுவான். லென்ஸை வலது கண்ணுக்கு மாற்றினால் எதிர்த்திசையில் சுற்றும்.

வெளிச்சம் குறைந்தால் விழித்திரையின் வேகமும் குறையும். பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தை மட்டும் விடும் லென்ஸ் என்றால், அந்தக் கண்ணின் சேதி சுமார் 10 மில்லிவிநாடி பிந்தும். அதற்குள் நட்டு நகர்ந்துவிடுகிறது. ஒரு கண்ணுக்கு இப்போதைய இடம், மற்றதற்குச் சற்று முந்தைய இடம். இரு கண்களின் காட்சிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை வைத்துத்தான் மூளை தூரத்தை அளக்கிறது. காலத்தால் வந்த இந்த இடைவெளியையும் தூரம் என்றே எடுத்துக்கொள்கிறது.

1922-இல் இதை விரிவாக எழுதியவர் ஜெர்மனியின் யேனா நகரில் ஸைஸ் நிறுவனத்தில் இருந்த கார்ல் புல்ஃப்ரிச். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. தன் பெயரால் வழங்கும் விளைவை அவரால் பார்க்கவே முடியவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். காரணம் இந்தத் தாமதம்தான் என்று சொன்னவர் அவருடைய சகா ஃபெர்ட்ஷ்.

ஹார்பர் லைன் லோக்கலில் ஜன்னலோர சீட் கிடைத்தால் நீங்களே சோதிக்கலாம். வண்டி உங்கள் வலப்பக்கமாக ஓடுகிறது என்று வையுங்கள். பக்கவாட்டில் பார்த்தபடி, பின்பக்கம் இருக்கும் இடது கண்ணில் லென்ஸை வையுங்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் 10 மில்லிவிநாடிக்குள் வண்டி 10 சென்டிமீட்டர் போய்விடும். கண்களுக்கு நடுவே இருப்பதோ 6 சென்டிமீட்டர் சொச்சம். ஆக, கண்கள் 16 சென்டிமீட்டர் விலகி இருப்பதுபோல் ஆகிறது! சுனாபட்டி தாண்டும்போது மின்கம்பமும் அதன் பின்னால் உள்ள குடிசையும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். லென்ஸை வலது கண்ணுக்கு மாற்றினால் கணக்கு தலைகீழ், ஆழம் குழம்பிப்போகும்.

லென்ஸே இல்லாமல் இப்படித் தெரிகிறவர்களும் உண்டு. ஒரு கண்ணில் மட்டும் புரை முற்றினாலோ, பார்வை நரம்பில் அழற்சி வந்தாலோ அந்தக் கண் பிந்தும். ரோட்டைக் கடக்கும்போது பக்கவாட்டில் வரும் ஆட்டோ மேலே ஏறிவருவதுபோல் இருக்கும். "பவர் மாறியிருக்கும், பார்த்துச் சொல்லுங்க" என்று என் கடைக்கு வருவார்கள். முதலில் கண் டாக்டரிடம் போகச் சொல்வேன். நரம்புக் கோளாறு என்று தெரிந்து டாக்டரும் சரி என்றால், நல்ல கண்ணின் லென்ஸுக்கு மட்டும் அளவாக டின்ட் ஏற்றித் தருவோம். வேகமான கண்ணும் அதே அளவு பிந்திவிட்டால், ஆட்டோ அதன் பாதையிலேயே போகும்.