அலை வேட்டை – 11: எட்டு பைன்ட் தண்ணீர்

6ஜி டவர் நம் பேச்சைச் சுமப்பதோடு சுற்றுமுற்றும் நோட்டம் விடவும் போகிறது என்பதோடு போன வாரம் நிறுத்தினேன். தவறவிட்டவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளவும். அந்த நோட்டத்துக்குள் செயற்கை நுண்ணறிவு எப்படி நுழைகிறது என்று இந்த வாரம் எழுதுவதாக வாக்கு. குறிப்பெடுக்க உட்கார்ந்தவனை எட்டு பைன்ட் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

1935 ஜனவரி. 'மரணக் கதிர்' பத்திரிகைகளில் அடிபட்ட காலம். ரேடியோ அலையால் எதிரியை வீழ்த்த முடியுமா என்று பிரிட்டிஷ் விமான அமைச்சகம் ரேடியோ விஞ்ஞானி ராபர்ட் வாட்சன் வாட்டிடம் கேட்கிறது. அவர் விஷயத்தை உடைக்காமல், தன்னிடம் வேலை பார்த்த ஆர்னால்ட் வில்கின்ஸிடம் ஒரு கணக்கை நீட்டுகிறார்: ஐந்து கிலோமீட்டர் தள்ளி, ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் எட்டு பைன்ட் தண்ணீரை 98 டிகிரி பாரன்ஹீட்டிலிருந்து 105க்குச் சூடாக்க எவ்வளவு ரேடியோ சக்தி வேண்டும்?

வில்கின்ஸ் லேசுப்பட்டவரா? எட்டு பைன்ட் என்றால் சுமார் நாலரை லிட்டர், ஓர் ஆளின் ரத்தம். 98 சாதா உடம்புச் சூடு. 105 அனல் காய்ச்சல். ஆக, பறக்கிற விமானிக்குக் காய்ச்சல் வரவழைக்கத் திட்டம்! கணக்குப் போட்டார், நடக்காது என்றார். வேறு எதற்காவது ரேடியோ உதவுமா என்று யோசித்தபோது தபால் துறைப் பொறியாளர்களின் பழைய புலம்பல் ஒன்று அவர் நினைவுக்கு வந்தது: பக்கத்தில் விமானம் பறந்தால் சிக்னல் தடுமாறுகிறது.

பிப்ரவரி 26, அதைச் சோதித்துப் பார்த்த நாள். டேவன்ட்ரியில் பிபிசியின் சிற்றலை நிலையம், 49 மீட்டர் அலை. சில மைல் தள்ளி வயலோரம் ஒரு வேனில் ரிசீவர். மேலே ஒரு ஹெய்ஃபோர்ட் குண்டுவீச்சு விமானம். திரையில் ஒளிப்புள்ளி நீண்டது, சுருங்கியது. எட்டு மைல் வரை தடம் கிடைத்தது. நிகழ்ச்சி ஒலிபரப்பக் கட்டிய நிலையம் விமானத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது! (இப்படி ரேடாருக்கு வழிபோட்ட இதே வாட்சன் வாட், பல வருடம் கழித்து கனடாவில் வேகமாகக் கார் ஓட்டி போலீஸ் ரேடாரில் மாட்டினார். அதை வைத்துக் கவிதையும் எழுதினார்.)

பதினொரு வாரமாக நான் புலம்புவதும் இதுதான்: ஒருவருக்குத் தொல்லை, இன்னொருவருக்குத் துப்பு. உங்கள் வீட்டு வைஃபை, வரும் வழியில் அலை எப்படிக் கலைந்தது என்று ஓயாமல் அளக்கிறது. சரிக்கட்டியதும் அந்த அளவை எறிந்துவிடுகிறது. எறிந்ததைப் பொறுக்கினால்? 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 செ.மீ. மூச்சில் மார்பு 5 மி.மீ. ஏறினால், போய்த் திரும்பும் பாதையில் ஏறத்தாழ 1 செ.மீ. மாறும். அலையில் ஆறில் ஒரு பங்கு. மூச்சை எண்ண அது போதும். 2023இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 6ஜிக்கு வகுத்த ஆறு பயன்பாடுகளில் இந்த 'உணர்தலும்' ஒன்று.

ஆனால் அறையில் மூச்சு மட்டுமா அசைகிறது? ஃபேன் சுற்றுகிறது, கொடியில் வேட்டி ஆடுகிறது, பூனை குறுக்கே போகிறது. எல்லாம் ஒரே அலையில் கலந்து வந்து சேரும். பிரித்தெடுக்கத்தான் நுண்ணறிவு. அதுவும் ஒரு வீட்டில் பழகிவிட்டு அடுத்த வீட்டில் திணறும். சோபாவை நகர்த்தினாலே குழம்பும். ஏன் என்று ஆரம்பித்தால் பக்கம் தாண்டும். ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். அடுத்த வாரம் ஃபேனிலிருந்து தொடங்குகிறேன்.

(வேட்டை தொடரும்)