‘விசேஷம் ஏதும் இல்லையா?’ - ஹெச்.ஐ.வி உள்ள தம்பதி குழந்தை பெற்றுக்கொள்ள முடியுமா?

கல்யாணமாகி ஆறு மாசம் தாண்டினால் போதும். காதுகுத்து, கிரகப்பிரவேசம், ரேஷன் கடை வரிசை என எங்கே போனாலும் ஒரே கேள்விதான்: “என்னம்மா, விசேஷம் ஏதும் இல்லையா?” கேட்கிறவருக்கு அது சும்மா ஒரு நலம் விசாரிப்பு. பதில் சொல்ல வேண்டியவருக்கு எப்படி இருக்கும் என்பது, கல்யாணமாகி ஓரிரு வருஷம் ஆன உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இப்போது ஒரு ஜோடியை நினைத்துப் பாருங்கள். கணவருக்கு ஹெச்.ஐ.வி இருக்கிறது. மனைவிக்குத் தெரியும், வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. டாக்டர் சொன்னபடி ஆணுறை பயன்படுத்துகிறார்கள். அப்புறம் குழந்தை எப்படி உண்டாகும்? ஆனால் மாமியார் வீட்டில் அந்தப் பெண்ணைத்தான் கோயில் கோயிலாக அழைத்துப் போகிறார்கள், நாட்டு மருந்து வாங்கிக் கொடுக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் அவமானம். சொல்லாவிட்டால் ‘மலடி’ என்ற பட்டம். (இந்தச் சொல்லை ஆண்களைப் பார்த்து யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?) இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, ஒருநாள் யாரிடமும் கேட்காமல், மருத்துவப் பரிசோதனை எதுவும் செய்யாமல், ‘ஆனது ஆகட்டும்’ என்று ஆணுறையைத் தவிர்த்துவிடுகிறவர்கள் உண்டு. உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இத்தனைக்கும் அவர்களுக்கு மருத்துவத்தில் வழி இருக்கிறது. ஹெச்.ஐ.வி உள்ளவர்கள் குழந்தை பெற்றுக்கொள்ளலாம். துணைக்கும் தொற்றாமல், குழந்தைக்கும் தொற்றாமல்.

எப்படி சாத்தியம்?

ஹெச்.ஐ.வி-க்கான கூட்டு மருந்து சிகிச்சையை ஏ.ஆர்.டி என்பார்கள். 2004 ஏப்ரலில் இருந்து அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். ஆரம்பத்தில் கைநிறைய மாத்திரைகள் விழுங்க வேண்டியிருந்தது. இப்போது பெரும்பாலானவர்களுக்கு டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினமும் ஒரு வேளை. தவறாமல் சாப்பிட்டு வந்தால், சில மாதங்களில் ரத்தத்தில் வைரஸின் அளவு பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் குறைந்துவிடும். வைரல் லோடு டெஸ்ட் என்று சொல்வது இந்த அளவைப் பார்க்கத்தான்.

அளவு அப்படிக் குறைந்து, அங்கேயே நிலைத்து நின்றால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்று பரவுவதில்லை. ஐரோப்பாவின் 14 நாடுகளில், ஒருவருக்கு மட்டும் ஹெச்.ஐ.வி இருந்த ஜோடிகளைத் தொடர்ந்து கவனித்த ‘பார்ட்னர்’ ஆய்வின் முடிவு 2016-ல் வந்தது. ஆணுறை இல்லாமல் சுமார் 58,000 முறை உறவு நடந்திருந்தது. சிகிச்சையில் இருந்தவரிடமிருந்து அவருடைய துணைக்குத் தொற்று பரவியது ஒரு முறைகூட இல்லை.

அதனால் குழந்தைக்காக முயற்சி செய்யும் முன் டாக்டர் பார்ப்பது முதலில் இதைத்தான். வைரல் லோடு குறைந்து குறைந்தது ஆறு மாதம் அப்படியே இருக்கிறதா, இருவருக்கும் வேறு பால்வினைத் தொற்று இருக்கிறதா, காசநோய் இருக்கிறதா? எல்லாம் சரியாக இருந்தால், கரு உண்டாக வாய்ப்புள்ள நாள்களைக் கணக்கிட்டு இயற்கையாகவே முயற்சி செய்யச் சொல்வார்கள். அளவு குறையாதவர்களுக்கும் வழி உண்டு. விந்தணுக்களைத் திரவத்திலிருந்து பிரித்துக் கழுவி, கருப்பைக்குள் செலுத்தும் முறையை இத்தாலி மருத்துவர்கள் 1992-லேயே மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். மனைவிக்கு மட்டும் தொற்று என்றால் விஷயம் இன்னும் எளிது. கணவரின் விந்தை, ஊசி இல்லாத சிரிஞ்ச் மூலம் உள்ளே செலுத்தினாலே போதும், கணவருக்கு ஆபத்தில்லை.

கர்ப்பமான பிறகு? சிகிச்சையே இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று போகும் வாய்ப்பு 15 முதல் 45 சதவிகிதம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முறையான சிகிச்சை இருந்தால் அது 5 சதவிகிதத்துக்கும் கீழே போய்விடும். கர்ப்பத்துக்கு முன்பே வைரஸ் அடங்கியிருந்தால் இன்னும் மிகக் குறைவு. பிறந்த குழந்தைக்குச் சில வாரங்கள் மருந்து கொடுப்பார்கள். ஆறாவது வாரத்தில் முதல் பரிசோதனை, 18-வது மாதத்தில் உறுதி செய்யும் பரிசோதனை.

ஒரு விஷயம். கூகுளில் தேடினால், ‘டோலுடெக்ராவிர் சாப்பிட்டால் குழந்தையின் முதுகுத்தண்டு பாதிக்கும்’ என்ற பழைய செய்திகள் வந்து பயமுறுத்தும். 2018-ல் போட்ஸ்வானாவில் இருந்து அப்படி ஒரு சந்தேகம் எழுந்தது உண்மைதான். கூடுதல் தரவுகள் வந்தபோது அந்தப் பயம் அடங்கிவிட்டது. 2019-லேயே, கர்ப்பிணிகள் உட்பட எல்லோருக்கும் இதே மருந்தைப் பரிந்துரைத்தது உலக சுகாதார நிறுவனம். பழைய செய்தியைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

மறைப்பதால் வரும் வினை

இந்தியாவில் ஹெச்.ஐ.வி முதன்முதலில் கண்டறியப்பட்டது நம்ம சென்னையில்தான், 1986-ல். டாக்டர் சுனிதி சாலமனும், அவரிடம் ஆய்வு செய்த செல்லப்பன் நிர்மலாவும், பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்த மாதிரிகளில் அதைக் கண்டுபிடித்தார்கள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட ‘ஒழுக்கம்’ என்ற முத்திரை இன்னும் போகவில்லை. கணவர் ஒருவரோடு மட்டுமே வாழ்ந்த பெண்ணுக்கும் அதே பார்வைதான். அதிலும் கர்ப்பப் பரிசோதனையின்போது பெண்ணுக்குத்தான் முதலில் ஹெச்.ஐ.வி டெஸ்ட் எடுக்கிறார்கள். முதலில் தெரியவந்தது அவளுக்கு என்பதாலேயே, ‘இவள்தான் கொண்டுவந்தாள்’ என்று கதை கட்டிவிடுகிறார்கள்.

இதனால் மாத்திரை பாட்டிலின் லேபிளைக் கிழிப்பது, வைட்டமின் டப்பாவுக்குள் மாற்றி வைப்பது, விருந்தாளி வந்தால் அன்றைக்கு மாத்திரையே சாப்பிடாமல் விடுவது எல்லாம் நடக்கிறது. அப்படி அடிக்கடி விட்டால், அடங்கியிருந்த வைரஸ் மறுபடி ஏறும்.

இன்னொரு சின்ன, ஆனால் முக்கியமான சிக்கல். கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் கொடுப்பார்கள். இவற்றை வெறும் வயிற்றில் டோலுடெக்ராவிரோடு சேர்த்துச் சாப்பிட்டால் அந்த மருந்து உடலில் சரியாகச் சேராது. எதை எப்போது சாப்பிடுவது என்று டாக்டர் நேரம் பிரித்துக் கொடுக்க வேண்டும். கர்ப்பம் பார்க்கும் டாக்டரிடமே ஹெச்.ஐ.வி விஷயத்தை மறைத்தால், அவர் எப்படிச் சொல்வார்?

குழந்தை நிற்கவில்லை என்றால்...

ஹெச்.ஐ.வி இருந்தால் மலட்டுத்தன்மை என்று அர்த்தமில்லை. ஆனால் சிகிச்சை எடுக்காத தொற்று விந்தணுவின் தரத்தையும் மாதவிடாயையும் பாதிக்கலாம். கூடவே வந்த பால்வினைத் தொற்றோ, கருக்குழாயைத் தாக்கும் காசநோயோ அடைப்பை உண்டாக்கலாம். நம் நாட்டில் கருக்குழாய் அடைப்புக்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். ஆக, ஒரு வருஷம் முறையாக முயன்றும் நிற்கவில்லை என்றால் இருவரும் சேர்ந்து பரிசோதனைக்குப் போக வேண்டும். கணவரின் விந்து பரிசோதனை செலவு குறைந்தது, வலியில்லாதது. எனக்குப் புரியாத விஷயம், அதைக் கடைசியில் செய்துகொள்ளலாம் என்று ஏன் தள்ளிப்போடுகிறார்கள் என்பதுதான்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பமும் உண்டு. கருத்தரிப்பு சிகிச்சைக்கும் ஆங்கிலச் சுருக்கம் ஏ.ஆர்.டி-தான். ஒரு ஏ.ஆர்.டி-க்கு ஒரு கதவு, இன்னொன்றுக்கு வேறு கதவு. கருத்தரிப்பு மையங்களில் சிகிச்சைக்கு முன் இருவருக்கும் ஹெச்.ஐ.வி டெஸ்ட் எடுப்பது வழக்கம். சிலருக்கு விஷயம் தெரியவருவதே அங்கேதான். குழந்தைக்காகப் போன இடத்தில் இப்படி ஒரு ரிப்போர்ட்டோடு திரும்புகிறவர்கள், பெரும்பாலும் இரண்டு சிகிச்சையையும் அப்படியே விட்டுவிடத்தான் நினைப்பார்கள்.

‘ஹெச்.ஐ.வி இருக்கு, இங்கே பார்க்க மாட்டோம்’ என்று மருத்துவமனை கையை விரித்தால்? 2017-ல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் ஹெச்.ஐ.வி தடுப்புச் சட்டம், அரசு மருத்துவமனையோ தனியாரோ, அந்தக் காரணத்துக்காகச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்கிறது. உங்கள் சம்மதமில்லாமல் டெஸ்ட் எடுப்பதும், முடிவை வெளியே சொல்வதும் தவறு. ஹெச்.ஐ.வி உள்ள கர்ப்பிணிக்கு அவர் சம்மதமில்லாமல் கருக்கலைப்போ கருத்தடையோ செய்யக் கூடாது என்றும் அதே சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

இந்த இடத்துக்கு நாம் சுலபமாக வரவில்லை. ஹெச்.ஐ.வி உள்ளவருக்குத் திருமணம் செய்யும் உரிமையே இல்லை என்பதுபோல 1998-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கருத்து சொன்னது. அந்தக் கருத்து தேவையற்றது என்று 2002 டிசம்பரில் அதே நீதிமன்றம்தான் மாற்றியது. முதல் தீர்ப்பு வந்த அதே 1998-ல், கணவர் மூலம் தொற்றுக்கு ஆளான பி.கௌசல்யாவும் தோழிகளும் சென்னையில் ‘பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்’ அமைப்பைத் தொடங்கினார்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையா? அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையத்துக்குப் போகலாம். பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம், ரகசியம் காக்கப்படும். நேரில் போகத் தயக்கம் என்றால் 1097 என்ற இலவச எண்ணுக்கு போன் செய்யலாம். ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்கள், அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது “நாங்க குழந்தைக்கு ட்ரை பண்ணலாமா டாக்டர்?” என்று நேராகவே கேளுங்கள். திட்டுவார்களோ என்ற பயம் வேண்டாம். தெரியாமல் முயல்வதைவிட, கேட்டுவிட்டு முயல்வதையே அவர்களும் விரும்புவார்கள்.

சரி, அந்த ரேஷன் கடை வரிசைக் கேள்விக்கு என்ன சொல்வது? “டாக்டர்கிட்ட காட்டிட்டு இருக்கோம் அத்தை” என்ற ஒரு வரி போதும், அது பொய்யும் இல்லை. முழு விஷயமும் தெரிய வேண்டியது உங்கள் துணைக்கு, ஹெச்.ஐ.வி சிகிச்சை தரும் டாக்டருக்கு, பிரசவம் பார்க்கும் டாக்டருக்கு. அத்தைக்கு இல்லை.